மூளையில் அந்தப் புண் இல்லாவிட்டால் கதை என்ன ஆகும்?

பழைய அலமாரி

ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'அக்லீஸ்' நாவலை முடித்த கையோடு எழுதுகிறேன். 2005-ல் வந்தது, நான்தான் தாமதம். கதையைச் சொல்லாமல் என் குறையைச் சொல்ல முடியாது, அதனால் படிக்கப் போகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

வருங்கால நகரம் ஒன்று. பதினாறு வயது ஆனால் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை. எலும்பை இழைத்து, தோலை மாற்றி, கண்ணைப் பெரிதாக்கி, அழகாக்கி, ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே பொழுது விடிந்தால் கொண்டாட்டம். பதினாறு ஆகாதவர்கள் எல்லாம் 'அசிங்கங்கள்', இக்கரைவாசிகள். டாலி என்ற பெண் அந்த நாளுக்காக ஏங்கிக்கிடக்கிறாள். அவள் தோழி ஷே, இந்த அழகே வேண்டாம் என்று காட்டில் ஒளிந்து வாழும் கூட்டத்தைத் தேடி ஓடிப்போகிறாள். அவளைக் கண்டுபிடித்துக் கொடுக்காவிட்டால் உனக்கு சிகிச்சை கிடையாது, கடைசிவரை இப்படியே இருக்க வேண்டியதுதான் என்று டாலியை அதிகாரிகள் மிரட்டுகிறார்கள்.

அபாரமான தொடக்கம். பாதிப் புத்தகம் வரை கீழே வைக்க முடியவில்லை. அப்புறம் காட்டில் இருக்கும் இரண்டு மருத்துவர்கள் ஓர் உண்மையைச் சொல்கிறார்கள்: சிகிச்சையின்போது மூளையிலும் சின்னச் சின்னப் புண்களை உண்டாக்கிவிடுகிறார்கள், அதனால்தான் அக்கரைக்காரர்கள் எதையும் எதிர்த்துக் கேட்பதில்லை.

எனக்கு அங்கேயே காற்று இறங்கிவிட்டது. எல்லோரும் அழகாக இருந்தால் என்னதான் தப்பு என்று அதுவரை கதை கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொல்லத் திணற வேண்டிய கேள்வி. மூளையில் கைவைத்தார்கள் என்றதும் குழந்தைகூடச் சொல்லிவிடும், அது தப்பு என்று. அழகைப் பற்றிய வழக்கை ஆசிரியர் பாதியில் வாபஸ் வாங்கிவிட்டார்.

கோடைமழை

பள்ளி நூலகத்தில் இருப்பவள் நான், இந்தப் புத்தகத்தைப் பல வருடமாகப் பிள்ளைகள் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வாபஸ் எல்லாம் வாங்கவில்லை சார். புண் பற்றிய செய்தி வருவதற்கு முன்னாலேயே வழக்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

டாலியும் ஷேயும் சுவர்த்திரை முன்னால் உட்கார்ந்து, சிகிச்சைக்கு அப்புறம் தங்கள் முகம் எப்படி இருக்கும் என்று போட்டுப் பார்க்கும் இடம் ஞாபகம் இருக்கிறதா? முகத்தை நடுவில் வெட்டி, இடப்பாதியை இரட்டித்து ஒரு முகம், வலப்பாதியை இரட்டித்து ஒரு முகம். டாலிக்கு அது விளையாட்டு. தன் முகத்தின் எந்தப் பக்கம் தேறும் என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். ஷேக்கு எரிச்சல் வருகிறது. தன் முகத்தைத் திருத்த வேண்டிய வரைபடமாகவே பார்க்கப் பழகிவிட்ட பிள்ளைக்கு மூளையில் தனியாக ஒரு புண் வேறு வேண்டுமா?

அப்புறம் அந்தப் பழைய பத்திரிகைகள். காட்டு நூலகத்தில் நம் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டும் டாலிக்கு முகம் சுளிக்கிறது, யார் இந்த விகாரங்கள் என்று. அவர்கள் அந்தக் காலத்துப் பிரபலங்கள். அந்த நேரத்தில் டாலியின் மூளையில் ஒரு கீறல்கூடக் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

நகர்மன்ற வக்கீல்

வழக்கு என்று ஆகிவிட்ட பிறகு எதிர்த்தரப்புக்கும் ஒரு ஆள் வேண்டாமா? நகரத்துக்காக ஆஜராகிறேன்.

1994-ல் ஹேமர்மெஷ், பிடில் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பார்க்கச் சுமார் என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கு, சராசரித் தோற்றம் உள்ளவர்களைவிட 5 முதல் 10 சதவீதம் ஊதியம் குறைவு. படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் நிற்கிறது. இது கதை இல்லை, நாம் வாழும் உலகம். நாவலில் நகரம் சொல்வது என்ன? தோல் நிறத்துக்காக ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள், ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடந்து செத்தார்கள், லட்சணமாக இருந்தவனுக்கே ஓட்டுப் போட்டார்கள், அதையெல்லாம் நிறுத்திவிட்டோம் என்கிறது. நிறுத்தியும் இருக்கிறது!

பழைய அலமாரி சொல்வதுபோல, புண்ணை எடுத்துவிட்டுப் பாருங்கள். நகரத்தின் மேல் என்ன குற்றம் மிச்சம்? பிறப்பில் கிடைக்கும் ஒரு அநியாயமான சலுகையை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள், அவ்வளவுதானே. 'எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்களே' என்று பதறுகிறவர்களுக்கு நடுவில், அந்த வரிசையில் முன்னால் நிற்கும் லட்சணமானவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

மழைப்பூச்சி

வக்கீல் அண்ணா, எனக்கு வயது பதினேழு. இங்கே எழுதுகிறவர்களில் இந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வயதில் இருப்பது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

நகரம் அநியாயத்தை நிறுத்தவில்லை. பதினாறு வயது வரைக்கும் அதைச் சேர்த்து வைத்துத் தருகிறது. அந்தப் பிள்ளைகளின் பட்டப்பெயர்களைப் பாருங்கள். டாலிக்கு 'மாறுகண்', ஷேக்கு 'ஒல்லி', அக்கரைக்குப் போய்விட்ட பழைய சிநேகிதனுக்கு 'மூக்கு'. பாசமாகக் கூப்பிடுவதற்கே இந்தப் பெயர்கள்! யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எதை வெட்டப் போகிறார்களோ அதுதான் உன் பெயர். என் வகுப்பில் எல்லோருக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு, எனக்கும் உண்டு, இங்கே சொல்ல மாட்டேன்.

புண் வேண்டுமா வேண்டாமா என்று பெரியவர்கள் வாதாடலாம். எனக்கு அந்த நாவலில் பயமாக இருந்தது இந்தப் பெயர்கள்தான்.

ஆந்தைக்கண்

மழைப்பூச்சி சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை, ஆனாலும் பழைய அலமாரியின் கேள்விக்கு ஒரு கிளைக்கதை உண்டு. இந்த நாவலை எழுதும்போது டெட் சியாங்கின் ஒரு சிறுகதையைப் பற்றி அவரோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்ததாகவும், நாவலின் வடிவத்தில் அதற்குப் பங்கு உண்டு என்றும் வெஸ்டர்ஃபெல்டே புத்தகத்தில் நன்றி சொல்லியிருக்கிறார். 2002-ல் வெளியான அந்தக் கதை நாவலைத் தலைகீழாகப் போட்டது மாதிரி. அதில் முகத்தைத் தொடுவதே இல்லை. பார்ப்பவரின் மூளையில், அழகுக்கு மயங்கும் அந்த ஒரு சின்ன வேலையை மட்டும் அணைத்துவிடுகிறார்கள். முகம் தெரியும், ஆள் அடையாளம் தெரியும், மூக்கு நீளம் என்பதும் தெரியும். மனம் மட்டும் சலனப்படாது. வேண்டாம் என்றால் திரும்பவும் போட்டுக்கொள்ளலாம். இதை ஒரு கல்லூரியில் எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கலாமா என்று வாக்கெடுப்பு. ஆளுக்கு ஒரு கருத்து, வில்லன் என்று தனியாக ஒருவரைப் பிடித்துவைக்க முடியாது.

சாரி, வில்லனே இல்லை என்று சொல்லவில்லை, அழகுசாதன நிறுவனங்களின் கை பின்னால் இருக்கிறது. ஆனால் அவர்கள் தோற்றாலும் கேள்வி அப்படியே நிற்கும். பழைய அலமாரி தேடுவது அந்தக் கதையைத்தான் என்று தோன்றுகிறது. பதினான்கு வயதில் என்னிடம் கொடுத்திருந்தால் நான்காவது பக்கத்தில் மூடி வைத்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

பழைய அலமாரி

ஆந்தைக்கண், தேடிப் படிக்கிறேன். கோடைமழை சொன்ன சுவர்த்திரைக் காட்சி நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. என் குறை அதற்குப் பிறகு நடப்பதில். இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிவிட்டு, ஒரு வைத்தியக் கண்டுபிடிப்பை நம்பிக் கதையை ஏன் நகர்த்த வேண்டும்?

1964-ல் 'ட்விலைட் சோன்' தொலைக்காட்சித் தொடரில் ஏறக்குறைய இதே கதை வந்தது. வயதுக்கு வந்த எல்லோரும் எண் போட்ட சில மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அப்படியே மாறிவிட வேண்டும். ஒரு பெண் மட்டும் முடியாது என்று அடம்பிடிக்கிறாள். கடைசியில் மாற்றிவிடுகிறார்கள். கண்ணாடியைப் பார்த்து, தன் தோழி மாதிரியே இருக்கிறேன் என்று பூரித்துப்போகிறாள். முடிந்தது. மீட்க யாரும் வரவில்லை, மருந்தும் இல்லை. அந்தப் பூரிப்பைப் பார்த்துவிட்டு எனக்கு வெகுநேரம் என்னவோ போல் இருந்தது. நானூறு பக்க நாவலில் அப்படி ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

கோடைமழை

அது பெரியவர்களுக்கான முடிவு. பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் கதவை மூடிவிட்டு 'இதுதான் உலகம்' என்று சொல்லும் புத்தகத்தை நான் கொடுக்க மாட்டேன்.

புண்ணையும் அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். அது யாருக்கெல்லாம் இல்லை என்று பாருங்கள். தீயணைப்பவர்களுக்கு இல்லை. மருத்துவர்களுக்கு இல்லை. அரசியல்வாதிகளுக்கு இல்லை. சட்டென்று முடிவெடுக்க வேண்டிய வேலையில் இருப்பவர்களை நகரம் சத்தமில்லாமல் குணப்படுத்திவிடுகிறது. அந்த மருத்துவர்கள் துப்புத் துலக்கியதே இதை வைத்துத்தான். ஆக, யார் யோசிக்கலாம், யார் யோசிக்க வேண்டியதில்லை என்று ஒரு பட்டியல் எங்கோ இருக்கிறது. வக்கீல் சார் பெருமைப்பட்ட சமத்துவம் இவ்வளவுதான். முகம் எல்லோருக்கும் பொது, மூளை சிலருக்கு மட்டும்.

நகர்மன்ற வக்கீல்

இந்த இடத்தில் என் கட்சிக்காரர் மௌனம் சாதிக்க விரும்புகிறார்.

இரண்டாம் வரிசை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வாங்கித் தரலாமா? படம் வந்திருக்கிறதாமே, அதைக் காட்டினால் போதுமா?

கோடைமழை

முதல் பாகம் தாராளமாகத் தரலாம்மா. இரண்டாம் பாகமான 'ப்ரெட்டீஸ்'-ல் மயக்கம் தெளிவதற்காகச் சில பிள்ளைகள் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் பகுதி இருக்கிறது. ஆசிரியர் அதை நியாயப்படுத்தவில்லை, இருந்தாலும் அதை முதலில் நீங்கள் படித்துவிட்டு, அவளோடு உட்கார்ந்து பேசுவது நல்லது.

மழைப்பூச்சி

படம் மட்டும் வேண்டாம் ஆன்ட்டி. 2024-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. டாலியாக ஜோயி கிங். அவர் நன்றாகத்தான் நடித்திருக்கிறார், ஆனால் 'நான் அசிங்கம்' என்று அந்த முகம் சொன்னால் யார் நம்புவது? புத்தகத்தில் டாலி எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் நான் என் முகத்தைத்தான் வைத்துப் படித்தேன். படத்தில் 'அசிங்கம்' என்று ஒரு கதாநாயகி வந்து நின்றால், அவளே அசிங்கம் என்றால் என் கதி என்ன என்றுதான் தோன்றுகிறது.

ஆந்தைக்கண்

நூற்றுக்கு நூறு. இன்னொன்றும் உண்டு. லாங்லுவா, ராக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-ல் பல முகங்களின் படங்களைக் கணினியில் கலந்து சராசரி முகம் உண்டாக்கினார்கள். கலக்கும் முகங்கள் கூடக்கூட, பார்த்தவர்களுக்கு அது கவர்ச்சியாகத் தெரிந்தது. அந்தச் சராசரியை நாவல் ஒரு கொடுங்கனவாக எழுத முடிகிறது. திரையில் அதைக் காட்டினால் பார்க்கிறவனுக்குப் பிடித்துப்போய்விடுகிறதே, கேமராவின் சங்கடம் அது.

படத்தில் இரண்டு காதலனுக்கு நடுவில் தவிக்கும் வேலை இன்னும் தொடங்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அது இரண்டாம் பாகத்துச் சொத்து.

கோடைமழை

பழைய அலமாரி, இரண்டாம் பாகம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், உங்கள் குறைக்குப் பதிலே அங்கேதான் இருக்கிறது. டாலி அழகியாகி, மூளையில் புண்ணோடு அக்கரையில் இருக்கிறாள். மருந்தாக இரண்டு மாத்திரைகள் அவளிடம் வந்து சேருகின்றன. தனியாக விழுங்கப் பயந்து, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு மற்றதை ஸேன் என்ற பையனிடம் தருகிறாள். இருவருக்கும் தெளிகிறது. பிறகுதான் தெரிகிறது, புண்ணைக் கரைக்கும் மாத்திரை ஸேனிடம் போய்விட்டது. அந்த மருந்து கரைத்துக்கொண்டே போகாமல் நிறுத்துவதுதான் டாலி விழுங்கிய மாத்திரையின் வேலை. ஸேனுக்கு மூளை பாழாகிறது. டாலிக்கு மருந்தே சேரவில்லை, அவள் தானாகத் தெளிந்திருக்கிறாள். புண் ஒரு சாக்கு என்றீர்கள். சாக்கை ஆசிரியரே பிடுங்கி எறிந்துவிட்டார், பாருங்கள்.

பழைய அலமாரி

நீங்கள் சொல்வதைக் கேட்டால் இன்னும் மோசமாக அல்லவா இருக்கிறது! மனசு வைத்தால் தெளிந்துவிடலாம் என்றால், அக்கரையில் சிரித்துக்கொண்டிருக்கும் மற்ற லட்சக்கணக்கானவர்கள் மனசு வைக்காத சோம்பேறிகளா? நகரம் செய்த கொடுமைக்கு நகரத்துக்காரன் மேலேயே பழி. நாயகி மட்டும் தனிப்பிறவி. இந்த வகை நாவல்கள் எல்லாவற்றிலும் கடைசியில் இந்தத் தனிப்பிறவியிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஒரே மாதிரி ஆகக் கூடாது என்று சொல்வதற்கு, எல்லோரையும்விட உசத்தியான ஒருத்தி எதற்கு?

மழைப்பூச்சி

ஷேயும் அதையேதான் கேட்கிறாள் அண்ணா. மருந்து கையில் இருந்தது, நீ காட்டிக்கொடுத்ததால் பிடிபட்டு இப்படி ஆனவள் நான், எனக்குத் தராமல் நேற்று வந்த பையனுக்குத் தந்தாயே என்று. டாலியிடம் சரியான பதில் கிடையாது. மூன்றாம் பாகத்தில் டாலிக்கு உத்தரவு போடும் இடத்தில் ஷே இருக்கிறாள். தனிப்பிறவி என்று டாலியைக் கொண்டாடும் புத்தகமாக எனக்குத் தெரியவில்லை, எத்தனை பேரை அவள் கெடுத்தாள் என்று கணக்கு எழுதும் புத்தகமாகத்தான் தெரிந்தது.

ஆந்தைக்கண்

பழைய அலமாரி, நேராக 2007-ல் வந்த நாலாம் பாகத்துக்குப் போய்விடுங்கள், 'எக்ஸ்ட்ராஸ்'. புண் எல்லாம் ஆறிப்போன உலகம். வேறு நகரம், அயா என்று வேறு பெண். கட்டாய சிகிச்சை கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஊரில் எத்தனை பேர் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை வைத்து ஒரு தரவரிசை எண். எண் ஏறினால் வீடு, வசதி எல்லாம் ஏறும். ஜனங்கள் தாங்களே விரும்பிக் கண்ணைப் பொம்மைக் கண்ணாக மாற்றிக்கொள்கிறார்கள். பொய்யே வராதபடி மூளையை மாற்றிக்கொண்ட ஒரு கூட்டமும் உண்டு, யாரும் வற்புறுத்தாமல்.

பழைய அலமாரி

அட, இதை முதலில் சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேனே. இன்றே எடுக்கிறேன்.

நகர்மன்ற வக்கீல்

ஆக, அரசாங்கம் கையை எடுத்த பிறகும் ஜனங்கள் தாங்களாகவே கத்திக்குக் கீழே போய்ப் படுக்கிறார்கள். என் கட்சிக்காரரை விடுதலை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மழைப்பூச்சி

தீயணைப்பவர்களுக்கு மட்டும் புண்ணை ஆற்றினாரே உங்கள் கட்சிக்காரர், அதற்கு முதலில் பதில் சொல்லச் சொல்லுங்கள் அண்ணா.