ஹனோய் ஏரிக்கரையில் வயதைக் கேட்டது குற்றமா?

மருதன்: ஹனோய் ஏரிக்கரையில் ஆங்கிலம் பேசிப் பழக வெளிநாட்டவரிடம் வரும் இளைஞர்கள், பெயரைக் கேட்ட கையோடு வயதையும் கேட்கும் நாகரிகமற்றவர்கள் என்றும், அவர்களிடம் பேச்சே கொடுக்கக் கூடாது என்றும் வழிப்போக்கன் நேற்று எழுதியதைப் படித்த எரிச்சலில் இதைத் தொடங்குகிறேன். வியட்நாமிய மொழியில் 'நான்', 'நீ' என்று சொல்வதற்கே எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரிய வேண்டும். தன்னைவிடச் சற்று மூத்த ஆணை ஓர் இளைஞன் 'ஆன்', அதாவது அண்ணன் என்று அழைத்து, தன்னை 'எம்', அதாவது தம்பி என்று குறிப்பிடுகிறான். மூத்த பெண்ணாக இருந்தால் 'சி', சிற்றப்பா வயதினராக இருந்தால் 'சூ'. வயது தெரியாமல் அவன் எப்படி வாயைத் திறப்பான்?

வழிப்போக்கன்: இலக்கண வகுப்புக்கு நன்றி. அவன் என்னிடம் பேசியது ஆங்கிலத்தில். பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே 'யூ' போதுமான மொழியில் என் வயது அவனுக்கு எதற்கு?

மருதன்: நாக்கில் மொழி மாறியதும் வளர்ப்பும் மாறிவிடுமா? நம்மூர்ப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஊர், வேலை, பிள்ளைகள் என்று வரிசையாக விசாரிப்பதை நாம் அன்பு என்கிறோம். அதையே ஹனோய்ப் பையன் செய்தால் அநாகரிகமா? இருக்கட்டும், நீங்கள் அவனிடம் என்ன வயது சொன்னீர்கள்?

கயல்: ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வார இறுதியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அங்கே நான் இரண்டு மாலைகள் நடந்தேன். பத்து வயதுச் சிறுமியைத் தாயே என் பக்கம் தள்ளிவிட்டார். அவளும் என் வயதைக் கேட்டாள், எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பயிற்சி முடிந்ததும் அடுத்த வெளிநாட்டவரிடம் ஓடிவிட்டாள். அவர்களுக்கு வேண்டியது நட்பு அல்ல, சம்பளமில்லாத ஆங்கில ஆசிரியர்.

மருதன்: கயல் அவர்களே, பத்து வயதுப் பிள்ளை ஆயுள் முழுவதும் கடிதம் எழுத வேண்டும் என்று எதிர்பார்த்தீர்களோ? பேச்சு வயதைப் பற்றியது.

தென்கரையான்: மருதன் ஒன்றை மறைக்கிறார். வயது பார்க்காத 'தோய்' என்ற 'நான்' அந்த மொழியிலேயே இருக்கிறது. 'பான்' என்ற பொதுவான முன்னிலைச் சொல்லும் இருக்கிறது. ஆகவே கேட்காமல் பேச வழி உண்டு. மேலும், நம் தமிழில் அண்ணனிடமும் தம்பியிடமும் 'நான்' நான்தான். பேருந்து உவமை ஒட்டவில்லை.

மருதன்: எதையும் மறைக்கவில்லை. மூத்தவரிடம் 'தோய்' என்று பேசினால் முகத்தில் அடித்தாற்போல் விறைப்பாக ஒலிக்கும். 'பான்' என்பதன் பொருளே நண்பன், அது ஒத்த வயதினருக்கு உரியது. அகராதியில் சொல் இருப்பதும் அது சபையில் எடுபடுவதும் ஒன்றா? ஜப்பானின் நாராவில் பள்ளிப் பிள்ளைகள் கேள்வித்தாளோடு வந்து பேசியதையும் வழிப்போக்கன் சென்ற ஆண்டு தொல்லை என்றே எழுதினார். ஊர்கள்தாம் மாறுகின்றன, முகச்சுளிப்பு மாறவில்லை.

வழிப்போக்கன்: நாராவை இழுப்பது பழைய வஞ்சம். அங்கே யாரும் என் வயதைக் கேட்கவில்லை என்பதையும் அப்போதே எழுதியிருந்தேன். அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். அவன் பேசியது ஆங்கிலத்தில்.

கயல்: சம்பளமில்லாத ஆசிரியர் என்றதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மருதன்: வரும். முதலில் வழிப்போக்கன் தாம் சொன்ன வயதைச் சொல்லட்டும். மூன்றாம் முறையாகக் கேட்க வைக்க வேண்டாம்.

வழிப்போக்கன்: ஆங்கிலத்தில் கேட்டான், ஐயா. ஆங்கிலத்தில்.