அப்ரூவ் முடிந்ததும் ஆட்கள் போய்விடுகிறார்கள், சுழலும் சக்கரம் நிற்பதில்லை

கேள்வி:
எதீரியம் பிளாக்செயினில் யுஎஸ்டிசி (டாலர் மதிப்புள்ள டோக்கன்) டெபாசிட் செய்யும் பக்கம். ஆன்வில்லில் (சொந்தக் கணினியில் ஓடும் சோதனைச் செயின்) எல்லாச் சோதனையும் பாஸ். ஆட்களிடம் கொடுத்தால் இரண்டு சிக்கல்: அப்ரூவ் (டோக்கனை எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்துக்குக் கொடுக்கும் அனுமதி) முடிந்ததும் பணம் போய்விட்டதென்று பக்கத்தை மூடுகிறார்கள், சிலருக்கு "காத்திருக்கவும்" சக்கரம் நிற்பதே இல்லை. எங்கே பார்ப்பது?

மறுமொழி 1:
ஆன்வில் இயல்பாகவே பரிவர்த்தனை வந்த கையோடு ப்ளாக் போட்டுவிடும். காத்திருக்கும் நிலையை உங்கள் சோதனை பார்த்ததே இல்லை. ப்ளாக் இடைவெளியை மெயின்நெட் (உண்மையான எதீரியம்) மாதிரி 12 நொடி வைத்து ஓட்டுங்கள். அதற்குள் ரெஃப்ரெஷ் செய்யுங்கள், பட்டனை மறுபடி அழுத்துங்கள். வாலட்டில் ரிஜெக்ட் கொடுத்தால் 4001 என்ற பிழை எண் வரும். அதற்குச் சிவப்பில் கத்த வேண்டாம், பட்டன் பழையபடி வந்தால் போதும். -32002 என்றால் முந்தைய கோரிக்கை வாலட்டில் இன்னும் பதிலில்லாமல் கிடக்கிறது. "வாலட்டைத் திறந்து பாருங்கள்" என்று எழுதுங்கள்.

மறுமொழி 2:
நிற்காத சக்கரத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது வாலட்டில் உள்ள 'ஸ்பீட் அப்'. அதே நான்ஸில் (கணக்கின் பரிவர்த்தனை வரிசை எண்), கூடுதல் கட்டணத்தில் புதிய பரிவர்த்தனை போகும், ஹாஷ் (பரிவர்த்தனையின் அடையாள எண்) மாறிவிடும். பக்கம் பழைய ஹாஷின் ரசீதுக்கே காத்துக் கிடக்கும். வியெம் லைப்ரரியில் ரசீதுக்குக் காத்திருக்கும் ஃபங்ஷனிலேயே 'ஆன் ரிப்ளேஸ்டு' இருக்கிறது. ஒரு பொறி: பயனர் கேன்சல் செய்திருந்தாலும் மாற்றுப் பரிவர்த்தனையின் ரசீது 'சக்ஸஸ்' என்றுதான் வரும். 'ஆன் ரிப்ளேஸ்டு' தரும் காரணத்தைப் பார்க்காமல் பச்சை டிக் போட்டால் போகாத பணத்தைப் போனதாகக் காட்டுவீர்கள்.

மறுமொழி 3:
அப்ரூவுக்கு டிக்கே வேண்டாம். "1/2 அனுமதி", "2/2 50 யுஎஸ்டிசி டெபாசிட்" என்று ஒரே பட்டனில் எழுத்து மாறட்டும். எந்தப் படி என்பதைப் பிரவுசரில் சேமிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் அலவன்ஸை (அனுமதித்த தொகையை) செயினிலிருந்து படியுங்கள். 50 கேட்டால் மெட்டாமாஸ்க்கில் ஆள் அதை 10 ஆக்கிவிடலாம். அப்ரூவ் வெற்றி, டெபாசிட் ரிவர்ட் (தோற்று, செய்தது ரத்தாகும்).

கேட்டவர்:
இதே கோடில் யுஎஸ்டிடியையும் (இன்னொரு டாலர் டோக்கன்) சேர்க்கலாமா?

மறுமொழி 3:
இரண்டுக்கும் தசமம் 6 தான். ஆனால் மெயின்நெட் யுஎஸ்டிடியில் அலவன்ஸ் 10 மிச்சமிருக்கும்போது 50க்கு அப்ரூவ் செய்தால் ரிவர்ட் ஆகும்; முதலில் 0 ஆக்க வேண்டும். அப்போது படி மூன்று. மெயின்நெட்டை ஃபோர்க் செய்து (சோதனைக்கு நகலெடுத்து), வேண்டுமென்றே 10 விட்டுவைத்துச் சோதியுங்கள்.