1995-ன் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ இன்றைக்கும் நிற்கிறதா? திருமதி பென்னெட்டைப் பற்றி ஒரு கேள்வி

மூன்றாமவள்:

பழைய காதல் நாவல்களைப் படமாக எடுத்தால் அது எத்தனை வருடம் தாங்கும்? போன வாரம் வீட்டில் நடந்த ஒரு பேச்சுக்குப் பிறகு இந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. நாவலையும் தொடரையும் நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

2004-ல், என் கல்யாணத்துக்கு முந்தைய வருடம், பட்டுக்கோட்டையில் வாடகைக்கு எடுத்து வந்த சிடியில் ஜேன் ஆஸ்டினின் நாவலை வைத்து பிபிசி எடுத்த 1995 தொடரை அம்மாவோடு பார்த்தேன். ஆறு பகுதிகள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன், அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பார். கடைசி சிடியில் கீறல். நாலாவது பகுதிக்கு மேல் ஓடவே இல்லை. நாயகன் டார்சி குளத்தில் குதித்து எழுந்து வந்து, நாயகி எலிசபெத் எதிரே நனைந்து நின்றதோடு எங்களுக்குத் தொடர் முடிந்துவிட்டது. மிச்சக் கதையைப் புத்தகத்தை வைத்து நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, எலிசபெத்தின் தாயார் திருமதி பென்னெட்டைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டார்: “சரி, கடைசியில அந்தம்மா எந்தப் பொண்ணு வீட்டுல இருந்தாங்க?”

எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. நாலு பெண்களைப் பெற்றவர் என் அம்மா; நான் மூன்றாவது. ‘அஞ்சு பெண்ணைப் பெத்தா அரசனும் ஆண்டி’ என்று அப்பாவின் காதுபடவே சொன்ன உறவுக்காரர்கள் எங்களுக்கு உண்டு.

இப்போது அம்மா எங்களோடு கோவையில் இருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகள், நான், அம்மா, மூன்று பேருமாக அதே தொடரைத் திரும்பப் பார்த்தோம். எலிசபெத்தாக ஜெனிஃபர் எஹ்ல் கண்ணாலேயே சிரிப்பது எனக்கு அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருந்தது. மகளுக்குக் குளத்துக் காட்சி பெரிதாகப் படவில்லை. அவள் மாட்டிக்கொண்டது திருமதி பென்னெட்டிடம். அந்தம்மா வாயைத் திறந்தாலே கீச்சுக்குரல், கையில் கைக்குட்டை, ‘என் நரம்பு, என் நரம்பு’ என்ற புலம்பல். இரண்டாவது பகுதியில் மகள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “இவங்க சொல்றதுல என்னம்மா தப்பு? அப்பா செத்துட்டா வீடு, சொந்தக்கார ஆம்பளைங்கறதால அந்த காலின்ஸுக்குப் போயிடும். அஞ்சு பொண்ணும் நடுத்தெருவுல நிக்கும். அதை இவங்க ஒருத்தர்தான் யோசிக்கறாங்க. இவங்களைப் பார்த்து எல்லாரும் ஏன் முகம் சுளிக்கறாங்க?”

இருபது வருடத்துக்கு முன்னால் நானும் எலிசபெத்தோடு சேர்ந்து முகம் சுளித்தவள்தான். இப்போது முடியவில்லை. தொடர் பழசாகிவிட்டதா? அல்லது நாவலிலேயே அந்தம்மாவுக்கு நியாயம் செய்யவில்லையா? இதே நாவலின் 2005 படம் இந்த விஷயத்தில் மேலா? அப்புறம், அம்மாவின் கேள்விக்கு யாரிடமாவது பதில் இருக்கிறதா?

ஏட்டுச்சுவடி:

சகோதரி, பி.ஏ. வகுப்பில் இந்த நாவலைப் பல வருடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மகள் கேட்டது எந்தப் பரீட்சைத் தாளிலும் வராத, ஆனால் வந்திருக்க வேண்டிய கேள்வி.

நாவல் அந்தம்மாவிடம் கடுமையாகத்தான் நடந்துகொள்கிறது. முதல் அத்தியாயம் முடிவதற்குள்ளேயே, புத்தி குறைவு, விவரம் போதாது, குணம் நிலையில்லை என்று ஆஸ்டின் முத்திரை குத்திவிடுகிறார். 1995 தொடரில் அலிசன் ஸ்டெட்மன் செய்திருப்பது அந்த முத்திரையின் நடிப்பு. அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் நாவலில் இன்னொரு பக்கம் இருக்கிறது. வீட்டுக் கணக்கு. பென்னெட் குடும்பத்தின் லாங்போர்ன் எஸ்டேட்டின் வருமானம் வருடத்துக்கு 2,000 பவுண்டு. அது ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும் சொத்து. தாய்க்கும் பெண்களுக்கும் சேர்த்து ஒதுக்கியிருப்பது மொத்தம் 5,000 பவுண்டு. காலின்ஸ் எலிசபெத்திடம் கல்யாணம் பேச வரும்போதே அவள் பங்கைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறார்: நாலு சதவீத வட்டியில் 1,000 பவுண்டு, அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு. அதாவது வருடத்துக்கு 40 பவுண்டு. டார்சிக்கு வருடம் 10,000. அப்பா போய்விட்டால் 5,000-க்கு வரும் வட்டி 200 பவுண்டில் ஒரு தாயும், கல்யாணமாகாத பெண்களும். இருந்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு.

இது யார் தப்பு என்பதை ஐம்பதாவது அத்தியாயத்தில் ஆஸ்டின் சொல்கிறார். கல்யாணமான புதிதில் சேமிக்கவேண்டிய அவசியமே இல்லை என்று பென்னெட் நினைத்தாராம். எப்படியும் மகன் பிறப்பான், அவன் மேஜரானதும் இரண்டு பேருமாகச் சேர்ந்து சொத்தின் மேலிருந்த அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம், மனைவிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் வழி பிறந்துவிடும் என்று. அடுத்தடுத்து ஐந்து பெண்கள். கடைசிப் பெண் லிடியா பிறந்த பிறகும் பல வருடம் அந்தம்மா நம்பிக்கையோடு இருந்தார். நம்பிக்கை போனபோது சேமிக்கும் காலமும் போய்விட்டது. செலவைப் பிடிக்க அந்தம்மாவுக்குத் தெரியாது, சரி. ஆனால் நூலக அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மனைவியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவருக்கு அது தெரியும்.

திரைக்கு வரும்போது கத்துகிற குரல் வந்துவிடுகிறது, கணக்கு பின்னால் போய்விடுகிறது. புத்தகத்தில் அந்தக் கிண்டலைப் படிக்கும்போது சிரிக்கிறோம், ஐம்பதாவது அத்தியாயத்தில் அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படுகிறோம். ஆறு பகுதித் தொடருக்கும் அந்த வெட்கத்தைக் கொடுக்க முடியவில்லை. 1995 தொடரில் பழசாகிப்போனது என்றால் இந்த ஓர் இடம்தான் என்பேன்.

பழசாகாதது எது தெரியுமா? குளம் இல்லை. அது நாவலில் கிடையாது, தொடரின் திரைக்கதை ஆசிரியர் ஆண்ட்ரூ டேவிஸ் எழுதிச் சேர்த்தது. டார்சியின் மாளிகையான பெம்பர்லியில் அவர் தங்கை ஜார்ஜியானா பியானோ வாசிக்கும்போது, நண்பர் பிங்லியின் தங்கை வேண்டுமென்றே விக்கம் பெயரை எடுப்பாள்; ஜார்ஜியானாவை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு ஓடப் பார்த்தவன் அவன். அந்தப் பெண்ணின் கை தடுமாறும். எலிசபெத் சட்டென்று பக்கத்தில் போய், இசைத்தாள் புரட்ட மறந்துவிட்டதாகச் சொல்லிச் சமாளிப்பாள். அப்புறம் அறையின் அந்தக் கோடியிலிருந்து டார்சி பார்ப்பார். இரண்டு பேரும் பேசமாட்டார்கள். தன் தங்கையின் மானத்தைக் காப்பாற்றியவளை ஓர் அண்ணன் எப்படிப் பார்ப்பான், அந்தப் பார்வை அது. இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

மழைக்குடை:

அக்கா, நான் 2005 கட்சி. அதைப் பார்த்துத்தான் புத்தகத்துக்கே வந்தேன்.

பாப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். பிரெண்டா பிளெதின் நடித்த திருமதி பென்னெட்டும் சத்தம் போடுகிறவர்தான். ஆனால் கல்யாணப் பேச்சைத் தவிர வேறு நினைப்பே கிடையாதா என்று எலிசபெத் கேட்கிற இடத்தில், உனக்கு ஐந்து பெண்கள் பிறந்த பிறகு சொல்லு, வேறு எதை நினைப்பாய் என்று, என்று திருப்பிக் கேட்பார். அந்த ஒரு நிமிடம் எலிசபெத்திடம் பதில் இருக்காது. இந்த வசனம் நாவலில் இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றவைக்கிறது, ஒரு திரைக்கதைக்கு அதைவிட என்ன வேண்டும்?

அதே மாதிரி எலிசபெத்தின் தோழி ஷார்லட். 27 வயது, காலின்ஸைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்ல வருகிறாள். பணமில்லை, பெற்றவர்களுக்கு ஏற்கெனவே பாரமாகிவிட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள். ‘பயமாக இருக்கிறது’ என்று அவள் சொல்லும்போது என் பெரியப்பா பெண்ணின் முகம் கண்முன் வந்தது. அவளுக்கு அப்போது 29, அந்த வருடத்தில் மட்டும் ஏழு முறை பெண் பார்க்க வந்துபோயிருந்தார்கள். தட்டில் காபி டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அவள் டம்ளர்களுக்கு நடுவில் கட்டைவிரலை வைத்துப் பிடித்திருப்பாள். படத்தில் ஷார்லட் அப்படி எதையும் பிடித்திருக்கவில்லை, ஆனால் குரல் அதே குரல்.

படத்தில் பென்னெட் வீட்டுக்குள் பன்றி நடக்கும், கொடியில் துணி காயும். பென்னெட் குடும்பம் அவ்வளவு ஏழை இல்லையே என்று புத்தகம் படித்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். எனக்கு அதனால்தான் அந்த அம்மாவின் பயம் புரிந்தது. மழையில் கத்திக்கொண்டு டார்சி காதலைச் சொல்வது அதிகம், ஒப்புக்கொள்கிறேன். நாவலில் அது வீட்டுக்குள் நடப்பது. ஆனால் வண்டியில் ஏற்றிவிட அவள் கையைத் தொட்டுவிட்டு, திரும்பி நடக்கும்போது டார்சி விரல்களை விரித்து மடக்குவார் பாருங்கள். அது போதும்.

பழைய ரீல்:

இதே நாவலின் 1940 படத்தையும் ஒருமுறை பாருங்கள், எது நிற்காது என்று தெரிந்துகொள்ளவாவது. திரைக்கதை எழுதியவர்களில் ஆல்டஸ் ஹக்ஸ்லி ஒருவர். லாரன்ஸ் ஒலிவியே டார்சி. கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் கதை நடக்கும் காலத்துக்குப் பொருந்தாத பெரிய பெரிய பாவாடைகள். அதையாவது மன்னித்துவிடலாம். டார்சியைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று எலிசபெத்தை மிரட்ட வரும், டார்சி தாயாரின் சகோதரி லேடி கேத்தரின், உள்ளுக்குள் நல்லவராம், அவளைச் சோதித்துப் பார்க்கத்தான் வந்தாராம். எதிர்ப்பை எடுத்துவிட்டால் அவள் துணிச்சலுக்கு என்ன மதிப்பு? நான் அந்த இடத்தில் அணைத்துவிட்டேன்.

செட்டிநாட்டுத் திண்ணை:

இதே எழுத்தாளரின் 1811 நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நமக்கு 2000-ல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆக வந்தது. ராஜீவ் மேனன் இயக்கம், சுஜாதா வசனம். ரகுமான் பாட்டுகளுக்காகவே எல்லோரும் அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது வருத்தம்.

தாயும் பெண்களும் வீட்டை விட்டு வெளியேறும் காட்சிக்காகத்தான் நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்து வீடு அப்படி கைமாறியதைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். வாசல் நிலைக்கதவின் பித்தளைக் குமிழை அந்த வீட்டு ஆச்சி புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

நாவலின் அக்கா எலினர் பொறுத்துக்கொண்டு காத்திருக்கத்தான் முடியும். வேலைக்குப் போக அந்தக் காலத்தில் அவளுக்கு வழியில்லை. நம் படத்தின் அக்கா சௌம்யா சென்னைக்கு வந்து மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறாள். அப்படியானால் கதையின் கட்டு அவிழ்ந்துவிட வேண்டுமே? அதற்குத்தான் படம் ‘ராசி இல்லாதவள்’ என்ற பட்டத்தை அவள் தலையில் வைத்தது. ஆஸ்டினிடம் அது இல்லை. சம்பளம் வாங்கினாலும் கழற்ற முடியாத விலங்கு அது என்று இங்கே பெண் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். அதே வார்த்தையை இந்த வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் என் காதால் கேட்டேன். அதனால் அந்தப் படம் எனக்கு இன்னும் பழசாகவில்லை.

ஏட்டுச்சுவடி:

சகோதரி, உங்கள் தாயாரின் கேள்வியை விட்டுவிட்டேன். பதில் கடைசி அத்தியாயத்தில், 61-ல் இருக்கிறது. திரை வடிவங்கள் கல்யாணத்தோடு முடிந்துவிடுவதால் பார்த்தவர்கள் பலருக்கு இது தெரியாது. மூத்த மகள் ஜேனும் அவள் கணவர் பிங்லியும் பக்கத்திலேயே நெதர்ஃபீல்டில் ஒரே ஒரு வருடம்தான் இருந்தார்கள். சாதுவான ஜேனுக்குக்கூட அம்மாவுக்கு அவ்வளவு கிட்டத்தில் இருப்பது தாங்கவில்லை. டார்சியின் ஊரான டார்பிஷயருக்குப் பக்கத்தில் இடம் வாங்கிப் போய்விட்டார்கள். அங்கிருந்து பெம்பர்லி முப்பது மைலுக்குள்தான். எலிசபெத்தும் ஜேனும் பக்கத்துப் பக்கத்தில், தாய் தூரத்தில். பென்னெட் மட்டும் நினைத்தபோதெல்லாம் எலிசபெத் வீட்டுக்குப் போய் நிற்பார். நாலாவது மகள் கிட்டி பெரும்பாலும் அக்காமார் வீட்டில்.

வீட்டில் மிஞ்சியவள் மேரி ஒருத்திதான். அம்மாவால் தனியாக உட்கார்ந்திருக்க முடியாது என்பதால் அவள் படிப்பையும் பாட்டையும் விட்டுவிட்டு அம்மாவோடு ஊர் வீடுகளுக்குப் போய்வர வேண்டியிருந்தது.

மூன்றாமவள்:

எல்லோருக்கும் நன்றி. ஐம்பதாவது அத்தியாயத்தை மகளும் நானும் நேற்று ராத்திரி சேர்ந்து படித்தோம். அவள் 40 பவுண்டை நோட்டில் எழுதிப் பக்கத்தில் 10,000 போட்டு வைத்திருக்கிறாள். 2005 படம் ஞாயிற்றுக்கிழமை.

ஐயா, நீங்கள் எழுதியதைக் காலையில் அம்மாவிடம் சொன்னேன். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். மேரி என்றதும் யாரென்று தெரியவில்லை. ஐந்து பேரில் மூன்றாவது, கண்ணாடி போட்டிருப்பாள், விருந்தில் பாடிக்கொண்டே இருந்தவளை அப்பா எல்லார் முன்னாலும் போதும் நிறுத்து என்று எழுப்பிவிடுவாரே, அவள் என்றேன்.

“அதுவா?” என்றார் அம்மா. கையிலிருந்த தலையணை உறையை இரண்டு தடவை உதறினார். “அது ராத்திரியில கொஞ்ச நேரமாச்சும் வாசிச்சுதா?”