அப்பா செய்த அஞ்சறைப்பெட்டி உளுக்கிறது, உதவுங்கள்

1979இல், ஒன்பதாம் வகுப்புத் தச்சு வகுப்பில் அப்பா செய்த அஞ்சறைப்பெட்டி. மாம்பலகை. ஓர் ஆணி கிடையாது, எல்லாம் கழுந்து (துளையில் செருகும் மர முளை) வைத்து, வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பு காய்ச்சிய பசை) போட்டு ஒட்டியது. மூடியின் உட்புறம் பென்சிலில் அவர் பெயரும் வகுப்பும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அம்மா இன்றுவரை கடுகும் சீரகமும் அதில்தான் வைக்கிறார்.

இருப்பது திருநெல்வேலி. பங்குனியிலிருந்து அடியில் மாவு போலத் தூள் கொட்டுகிறது. குண்டூசித் தலை அளவில் 14 துளைகள் எண்ணினேன். கரையான் இல்லை, மண் தடம் எதுவும் காணோம்.

சாமான்களை எடுத்துவிட்டு மூன்று நாள் வெயிலில் வைத்தேன். தூள் நிற்கவில்லை, ஒரு மூலையில் ஒட்டுதான் விட்டது. பிறகு ஊசியால் துளைகளில் வேப்பெண்ணெய் ஏற்றினேன். பத்து நாள் சும்மா இருந்து மறுபடி கொட்டுகிறது. ஆசாரி கரையான் மருந்து அடிக்கச் சொல்கிறார். சமையல் சாமான் வைக்கும் பெட்டி, மனசு வரவில்லை.

பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளே இருக்கும் புழு சாகும் என்கிறார்கள். வச்சிரம் போட்ட பழைய பெட்டியை அப்படி வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, ஒட்டு தாங்கியதா?