ஏசி மெக்கானிக் பாடத்தைத் திருத்த உங்கள் உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஏசி, ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். படித்து முடித்த பிள்ளைகள் வேலை கேட்டுப் போய்த் தடுமாறித் திரும்புவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. குறை எங்கள் பாடத்தில்தான்.

பட்டறையில் இருப்பவை எல்லாம் ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவில் ஓடும் பழைய இயந்திரங்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987இன் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகம் கைவிட்டுவரும் வாயு அது. வெளியே போனால் ஆர்-32 நிரப்பிய இன்வெர்ட்டர் ஏசிதான் கைக்கு வருகிறது. ஆர்-32 தீப்பிடிக்கக்கூடியது. ஆர்-290 என்ற இன்னொரு குளிரூட்டும் வாயுவோ சாட்சாத் புரொப்பேன், எளிதில் பற்றி எரியும். கசிவு சோதிக்கவும், வாயு நிரப்புமுன் குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வாக்குவம் சரியாக இழுக்கவும், மின்சுற்றுப் பலகையில் கோளாறு கண்டுபிடிக்கவும் பழகாத ஒருவரை அனுப்பினால் வேலை மட்டுமா போகும்? உயிருக்கே ஆபத்து.

ஜெர்மனியில் பயிற்சி பெறுபவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும் மீதி நாள் பள்ளியிலும் கற்கிறார். எங்கள் பிள்ளைகளுக்குக் கடையில் வாரம் ஒரு நாள் கிடைத்தாலே போதும். ஆனால் சிறிய சர்வீஸ் கடைக்காரர்கள், "வேலையைப் பார்ப்பதா, சொல்லிக்கொடுப்பதா?" என்று கேட்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

சர்வீஸ் தொழிலில் இருப்பவர்கள், புதிதாகச் சேரும் ஆளுக்கு முதல் மாதமே தெரிந்திருக்க வேண்டிய வேலைகள் எவை என்று சொல்லுங்கள். அப்புறம், பழைய மாணவர்களை ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டு விசாரிக்கும் வழக்கம் எந்தப் பயிற்றுநருக்காவது இருந்தால், என்னென்ன கேட்பீர்கள்? பாடத்திட்டக் கூட்டம் அடுத்த மாதம். அதற்குள் எழுதினால் பெரிய உதவி.