புறநகரில் கூட்டம் நடத்த இடம்: ரயிலில் வந்து போகும்படி எங்கே பார்க்கலாம்?

கொரட்டூர்வாசி:
சென்னையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடும் சிறிய வாசகர் வட்டம் எங்களுடையது. இருபத்தைந்து பேர் வந்தால் பெரிய கூட்டம். இதுவரை ஒரு கடையின் மாடியில் கூடினோம். உரிமையாளருக்கு இப்போது அந்த இடம் தேவைப்படுகிறது. உறுப்பினர்கள் ஆவடி, திருவொற்றியூர், வேளச்சேரி, செங்கல்பட்டு என்று நாலா திசையிலும் இருக்கிறார்கள். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், யாரிடமும் கார் கிடையாது. நகரின் நடுவில் வாடகை கட்டுப்படியாகாது. தாம்பரம் சரிப்படுமா?

மேற்குத் தாம்பரம்:
தாராளமாக. செங்கல்பட்டுக்காரர்கள் நேராக வந்துவிடலாம், பஸ் வசதிக்கும் குறைவில்லை. ஆனால் மண்டபம் கிழக்கிலா மேற்கிலா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். "ஸ்டேஷனுக்குப் பக்கம்" என்பார்கள். இறங்கிய பிறகு பார்த்தால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் நடைமேம்பாலம் ஏற வேண்டும்.

பழவந்தாங்கல் பாட்டி:
தம்பி, தாம்பரம் வேண்டாம். திருவொற்றியூர்க்காரர் வந்து சேர்வதற்குள் கூட்டம் பாதி முடிந்திருக்கும். வரைபடத்தில் நடுப்புள்ளி தேடாமல், தடங்கள் சேரும் இடத்தைத் தேடுங்கள். அது ஆலந்தூர், பரங்கிமலைப் பக்கம்தான்.

கணக்கைப் பாருங்கள். விம்கோ நகரிலிருந்து வரும் நீலத்தட மெட்ரோ திருவொற்றியூர் வழியாக ஆலந்தூருக்கு நேராக வருகிறது. ஆவடிக்காரர்கள் சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் ரயில் மாறும் அலைச்சல் வேண்டாம். கோயம்பேடு வரை பஸ்ஸில் வந்தால் அங்கிருந்து பச்சைத்தட மெட்ரோ பரங்கிமலை வரை ஒரே வண்டி. செங்கல்பட்டு மின்சார ரயில் பரங்கிமலையில் நிற்கிறது. வேளச்சேரி பக்கத்து ஊர்.

இனி இடம். பரங்கிமலைக்கு அடுத்த நிலையமான பழவந்தாங்கலில் இறங்கினால் நங்கநல்லூர். சஷ்டியப்தபூர்த்திக்கும் சீமந்தத்துக்கும் விடும் சின்ன மண்டபங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஞாயிற்றுக்கிழமை விசேஷம் காலையில்தான் நடக்கும். மதியப் பந்தி முடிந்து, சமையல்காரர் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு மண்டபம் சும்மாதான் கிடக்கும். ஆகவே முழுநாள் வாடகை பேசாதீர்கள். "நான்கு மணிக்கு மேல் மூன்று மணி நேரம், சமையலறை வேண்டாம்" என்று கேளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அப்போது அவர்களே இறங்கி வருவார்கள். தை, ஆவணியில் வாயைத் திறக்கவே மாட்டார்கள். அதனால் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஆடியில் போய்ப் பேசுங்கள். மின்சாரத்துக்கு மீட்டர் கணக்கு தனி, துப்புரவுக் கூலி தனி. இரண்டையும் வாடகைக்குள் அடக்கி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் மாடி மண்டபமாக இருந்தால், லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, ஞாயிறு மாலையில் ஓடுமா என்றும் கேளுங்கள். விசேஷக் கூட்டம் கலைந்ததும் அதை நிறுத்திவிட்டுப் போகிற காவலாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மேற்குத் தாம்பரம்:
அம்மா சொல்வது சரி, ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிடுமே?

பழவந்தாங்கல் பாட்டி:
நிற்கும், இல்லை என்று சொல்லவில்லை. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வருகிறவர்களுக்குத்தான் அது தொல்லை. ரயிலில் வந்து நங்கநல்லூர்ப் பக்கம் இறங்குகிறவர் அதற்குள் நுழைய வேண்டியதே இல்லை. அந்த இரண்டு மாதமும் இங்கே பாதித் தெருக்களில் வேட்டியை மடித்துக் கட்டித்தான் நடக்கிறோம். உங்கள் தாம்பரத்தில் மழையே பெய்வதில்லையா?

எழும்பூர் கார்டு:
ஞாயிறு அட்டவணை வேறு, வார நாள் அட்டவணை வேறு. ரயில்கள் குறைவு, இடைவெளி அதிகம். பராமரிப்புப் பணிக்காகக் கடற்கரை - தாம்பரம் தடத்தில் அவ்வப்போது ரயில்களை ரத்து செய்வதும் ஞாயிறுகளில்தான். முந்தைய நாள் நாளிதழில் அறிவிப்பு வந்துவிடும். கூட்டம் தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரத்தை ரயிலோடு பொருத்துங்கள். இன்னொன்று: ஆவடிப் பக்கத்து ரயில்கள் சில கடற்கரை வரை போகின்றன. அதைப் பிடித்தால் அதே நிலையத்தில் தாம்பரம் வண்டிக்கு மாறலாம், சாலையைக் கடக்க வேண்டாம்.

கொரட்டூர்வாசி:
மூவருக்கும் நன்றி. பாட்டி, நங்கநல்லூரில் இரண்டு மண்டபங்களை இந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கே வந்து பார்க்கப்போகிறேன். எங்கள் ஆட்கள் பேசத் தொடங்கினால் ஏழு மணிக்கு முடிக்க மாட்டார்கள். எட்டு வரை கேட்டால் வாடகை எவ்வளவு ஏறும்?

பழவந்தாங்கல் பாட்டி:
ஏழரை என்று கேளுங்கள். எட்டு மணிக்குக் காவலாளி விளக்கை அணைப்பார், தானாக முடிப்பார்கள்.