அப்பாவின் சிபாப் மெஷினுக்கும் கூடாரப் பயணத்துக்கும் ஒரே பேட்டரி பேக் போதுமா?

நிலாமுற்றம் கேட்டது:

அப்பாவுக்கு 68 வயது. தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால் ஒன்றரை வருடமாக இரவில், மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் சிபாப் மெஷின் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். போன வாரம் இரவு ஒரு மணிக்குப் போன கரண்ட் ஐந்தரைக்குத்தான் வந்தது. மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "நீ போய்ப் படும்மா" என்று என்னை அனுப்பினாரே தவிர, அவர் கண்ணை மூடவில்லை.

என்னிடம் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று இருக்கிறது. அது இதற்கு உதவுமா, இல்லை பிளக் பாயிண்ட் வைத்த பெரிய பேட்டரி பேக்தான் வேண்டுமா? வருடத்தில் இரண்டு மூன்று தடவை கூடாரம் போட்டுத் தங்கப் போவோம். அப்பாவுக்கும் வர ஆசை, மெஷினை நினைத்துத்தான் தயங்குகிறார். இரண்டுக்கும் ஒரே பேக் போதுமென்றால் எவ்வளவு பெரியதாகப் பார்க்க வேண்டும்?

ஈயப்பற்று எழுதியது:

எம்ஏஎச் எண்ணை விடுங்கள், வாட்-அவர் பாருங்கள். பேட்டரியில் மொத்தம் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதை அதுதான் சொல்லும். அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-அவர். வோல்டேஜை ஏற்றித் தரும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். கைக்கு வருவது 60, 65 இருக்கும். 5,000 எம்ஏஎச் போனை மூன்று தடவை ஏற்றலாம். சிபாப் கேட்பது பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட். சாதாரண யுஎஸ்பி துளையில் அது ஓடாது.

மூன்றாம்சாமம் எழுதியது:

உங்கள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அம்மா ஐந்து வருடமாக சிபாப் பயன்படுத்துகிறார். நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

முதலில் 256 வாட்-அவர் பேக் ஒன்று வாங்கினேன். இன்வெர்ட்டர் உள்ளே இருந்தது, மெஷினின் பிளக்கை அப்படியே செருகினேன், ஓடியது. சந்தோஷமாகப் படுத்துவிட்டேன். அம்மா தூங்கப் போனது பதினொரு மணிக்கு. மூன்று மணிக்கு மாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பேக் காலி. அந்த நேரம் அவர் கை நடுங்கியது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் வாட் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரும் சூடேறும் குழாயும் சேர்ந்து ஓடும்போது 50 வாட்டுக்கு மேல் இழுத்தது. இரண்டையும் அணைத்தால் 9, 10 வாட்தான்! காற்றை ஊதும் மோட்டாருக்குத் தேவையானது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் தண்ணீரையும் குழாயையும் சுடவைக்கப் போகிறது. அதற்கு மேல் இன்வெர்ட்டரின் தண்டச் செலவு. பேட்டரி தரும் டிசி மின்சாரத்தை அது சுவர் பிளக்கில் வருவதுபோன்ற ஏசி மின்சாரமாக மாற்றுகிறது, மெஷினோடு வரும் அடாப்டர் அதைத் திரும்பவும் டிசியாக்குகிறது. இரண்டு மாற்றத்திலும் இழப்பு. சும்மா ஆன் செய்து வைத்தாலே இன்வெர்ட்டர் தனக்கென்று சில வாட் தின்னும்.

அதனால் இன்வெர்ட்டர் இல்லாமல் பேக்கிலிருந்து நேராக மெஷினுக்குப் போகும் டிசி கேபிள், உங்கள் மாடலுக்கானதாக வாங்குங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வோல்டேஜ் போட்டிருக்கும். 24 வோல்ட் மெஷின் என்றால் 12-ஐ 24 ஆக்கும் கன்வெர்ட்டரோடு சேர்ந்த கேபிள் வேண்டும். வோல்டேஜ் பொருந்தாத கேபிளைச் செருகிப் பார்க்கவே வேண்டாம். நாங்கள் கேபிள் மாற்றி, சூட்டை அணைத்த பிறகு, அதே 256 பேக் இரண்டு ராத்திரி தாங்குகிறது. சூடு இல்லாவிட்டாலும் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைப்போம். காற்று அதன் மேல் போகும்போது கொஞ்சம் ஈரம் எடுத்துக்கொள்ளும். அம்மாவுக்கு மூக்கு லேசாக வறண்டது, தூக்கம் கெடவில்லை. அணைக்கலாமா என்று மட்டும் அப்பாவின் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், எந்த வகை பேட்டரி என்று பாருங்கள். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) என்று போட்டிருந்தால் மற்ற லித்தியம் பேட்டரிகளைவிடக் கனம் கூடுதல், ஆனால் ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம், சூட்டையும் நன்றாகத் தாங்கும். தலைமாட்டில் வைக்கப் போகும் பொருள் என்பதால் நான் அதைத்தான் சொல்வேன்.

நிலாமுற்றம் எழுதியது:

ரொம்ப நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், "அந்தம்மா இப்போ நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். ஒரு சந்தேகம். கூடாரத்துக்கு மின்சாரக் கெட்டிலும் எடுத்துப் போகலாம் என்று தம்பி சொல்கிறான். 500 வாட்-அவர் வாங்கினால் முடியுமா?

ஈயப்பற்று எழுதியது:

முடியாது. கெட்டில் 1,500 வாட் கேட்கும், அந்த அளவு பேக்கின் இன்வெர்ட்டர் பெரும்பாலும் உடனே நின்றுவிடும். சூடுபண்ணும் எதையும் பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள், அடுப்பு எடுத்துப் போங்கள். விளக்கு, போன், சின்ன ஃபேன் எல்லாம் தாராளமாக ஓடும். விமானத்தில் போவதானால் 100 வாட்-அவர் வரைதான் கைப்பையில் தடையில்லாமல் விடுவார்கள், 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் ஏற்ற விடமாட்டார்கள். செக்-இன் பெட்டியில் எந்த அளவுமே போடக்கூடாது.

மூன்றாம்சாமம் எழுதியது:

அம்மா நன்றாக இருக்கிறார், அப்பாவிடம் சொல்லுங்கள்.

500 நல்ல அளவு. கூடாரத்தில் இரண்டு ராத்திரி மெஷின் ஓடி, விளக்குக்கும் போனுக்கும் மிச்சம் இருக்கும். ஒரே பேக்கை இரண்டு வேலைக்கும் வைத்திருப்பதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஊர் சுற்றிவிட்டு வந்து அசதியில் மூலையில் போட்டுவிடுவோம், அன்றைக்கே கரண்ட் போகும். எங்கள் வீட்டில் பையைப் பிரிக்கும் முன்னால் பேக்கைச் சார்ஜில் போடுவேன். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத வீட்டில் பாதி சார்ஜில் வைத்துப் பிரயோஜனமில்லை, 80-க்குக் கீழே நான் விடுவதில்லை. வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். செல் உப்பினதுபோல் தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

வாங்கியதும் கரண்ட் இருக்கும்போதே ஒரு ராத்திரி முழுக்க பேக்கில் ஓட்டிப் பாருங்கள். அன்றைக்குத் தெரிகிற குறையைச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

நிலாமுற்றம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 512 வாட்-அவர் எல்எஃப்பி வாங்கினோம், 24 வோல்ட் கேபிளும் கிடைத்தது. டாக்டர் சூட்டை அணைக்கலாம் என்றார். நேற்று ராத்திரி பத்தரைக்குச் சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு பேக்கில் போட்டோம். நான் நான்கு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். அப்பா அசையவே இல்லை. காலை ஆறு மணிக்குத் திரையில் 84 சதவீதம் காட்டியது. பல் துலக்கும் முன்பே கூடாரத்துக்கு எந்தத் தேதி என்று கேட்டுவிட்டார்.